கையும் கதையும்: சுயாதீன வீடியோ கேம்களை எடைபோடும் முறை

வீடியோ கேம் என்றதும் தமிழ் வாசகர் பலருக்கும் நினைவுக்கு வருவது, பிள்ளைகள் கைபேசியில் ஆடும் துப்பாக்கிச் சண்டை அல்லது பணம் கட்டி ஆடும் ரம்மி. தமிழ்நாட்டில் 2023இல் நடைமுறைக்கு வந்த இணையவழிச் சூதாட்டத் தடைச் சட்டத்தையும், பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளை நாடு முழுவதும் தடைசெய்து ஒன்றிய அரசு 2025 ஆகஸ்டில் இயற்றிய சட்டத்தையும் ஒட்டி எழுந்த விவாதங்கள் இந்த எண்ணத்தை மேலும் ஆழப்படுத்தின. அந்தச் சட்டங்களுக்குத் தொடர்பில்லாத இன்னொரு பெரும்பரப்பு வீடியோ கேமுக்குள் இருக்கிறது என்பதும், நாவலையும் திரைப்படத்தையும் போல அது மனித வாழ்வைப் பேசும் கலைவடிவமாக வளர்ந்திருக்கிறது என்பதும், அதற்கென்று கூர்மையான விமர்சன மரபு ஒன்று உருவாகியிருக்கிறது என்பதும் நம்மிடையே போதிய அளவு அறியப்படவில்லை. அந்தப் பரப்பின் உயிர்ப்பான பகுதி, சிறு குழுக்கள் உருவாக்கும் சாகச விளையாட்டுகளும் பாத்திரமேற்று ஆடும் விளையாட்டுகளும் ஆகும்.

சாகச விளையாட்டு என்பது, ஆடுபவர் ஒரு கதையுலகத்துக்குள் நுழைந்து, இடங்களைத் தேடி அறிந்து, மனிதர்களோடு உரையாடி, புதிர்களை அவிழ்த்து, அவற்றின் வழியே கதையை நகர்த்திச் செல்லும் வகை. அமெரிக்க நிரலாளர் வில் கிரவுதர் 1970களின் நடுவில் ஒரு குகைப் பயணத்தை வெறும் எழுத்துகளால் மட்டுமே உருவாக்கிய ‘கலோசல் கேவ் அட்வெஞ்சர்’ இந்த வகைக்குப் பெயரையே தந்தது. ஆர்பிஜி என்று சுருக்கமாக அழைக்கப்படும் ரோல் பிளேயிங் கேம், 1974இல் வெளிவந்த ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்னும் மேசை விளையாட்டிலிருந்து கிளைத்தது. அதில் ஆடுபவர் ஒரு பாத்திரத்தை ஏற்று, அதன் வலிமை, அறிவு, பேச்சுத்திறன் முதலிய பண்புகளைத் தம் தேர்வுகளால் வளர்த்து, அந்தத் தேர்வுகளின் விளைவுகளை ஏற்று வாழ்கிறார். இண்டி என்று சொல்லப்படும் சுயாதீன விளையாட்டு, பெரிய நிறுவனத்தின் முதலீடும் கட்டுப்பாடும் இல்லாமல், ஒருவரோ சிறு குழுவோ தம் விருப்பப்படி உருவாக்குவது. பணமும் ஆளும் குறைவாக இருப்பதால் காட்சிப் பிரம்மாண்டத்தில் இவற்றால் போட்டியிட முடியாது என்றாலும், பெருநிறுவனங்கள் துணியாத கதைகளைச் சொல்லும் உரிமை இவற்றுக்கு இருக்கிறது.

பெங்களூரின் இடம்

இந்தத் துறையில் பெங்களூரின் இடம் தனித்துக் கவனிக்கத்தக்கது. ராஜேஷ் ராவ் 1997இல் இங்கே தொடங்கிய துருவா இன்டராக்டிவ், இந்தியாவின் முன்னோடி வீடியோ கேம் நிறுவனங்களுள் ஒன்று. கார், கட்டடம், மரம், ஆயுதம் போன்ற முப்பரிமாண வடிவங்களை உலகின் பெரிய விளையாட்டுகளுக்கு உருவாக்கித் தரும் பணியில் தேர்ச்சி பெற்ற அந்த நிறுவனத்தை 2019இல் ராக்ஸ்டார் என்னும் பெரிய வீடியோ கேம் நிறுவனம் வாங்கி, பெங்களூரில் ஏற்கெனவே இயங்கிவந்த தன் கிளையோடு இணைத்துக்கொண்டது. அமெரிக்க மேற்கு நிலத்தைக் களமாகக் கொண்டு 2018இல் வெளியான ‘ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2’ என்னும் மாபெரும் சாகச விளையாட்டில் அந்தப் பெங்களூர்க் கிளையின் உழைப்பும் கலந்திருக்கிறது. கணினிவரைகலை, அனிமேஷன், வீடியோ கேம் துறைகளுக்கென்று 2012இல் தனிக் கொள்கை வகுத்து இந்தியாவில் முன்னோடியாக நின்ற மாநிலம் கர்நாடகம். தேசிய வடிவமைப்பு நிறுவனத்தின் பெங்களூர் வளாகத்தில் டிஜிட்டல் கேம் வடிவமைப்புக்கான முதுநிலைப் படிப்பும் உண்டு.

இத்தனை கைத்திறன் திரண்டிருந்தும், கதையை முடிவுசெய்யும் மேசை பெரும்பாலும் வேறு நாடுகளில் இருப்பதும், உள்ளூர் முதலீடு சீட்டாட்டத்தையும் பொழுதுபோக்குக் கைபேசி விளையாட்டுகளையும் நோக்கியே அதிகம் பாய்ந்ததும் இந்த நகரத்தின் வரலாற்றில் உள்ள முரண். தொழில்நுட்பத்தைக் கற்றுத்தரப் பள்ளிகள் இருக்கின்றன. எந்த விளையாட்டு நல்லது, அது ஏன் நல்லது என்று பொதுவெளியில் வாதிடும் விமர்சனப் பழக்கம் வேரூன்றினால்தான் அந்தத் தொழில்நுட்பம் சொந்தக் கதைகளை நோக்கித் திரும்பும். ஆகவே, விமர்சகர்கள் இத்தகைய விளையாட்டுகளை எந்த அளவுகோல்களால் எடைபோடுகிறார்கள் என்பதை, தெற்காசிய வாழ்வைப் பேசிய சில விளையாட்டுகளின் வழியே காண்பது பயனுள்ளது.

விமர்சனத்தின் மையக் கேள்வி

திரைப்பட விமர்சகர் காட்சியையும் நடிப்பையும் ஆராய்வார். நாவல் விமர்சகர் மொழியையும் பாத்திரங்களையும் ஆராய்வார். வீடியோ கேம் விமர்சகர் இவற்றோடு இன்னொன்றையும் ஆராய்ந்தாக வேண்டும். ஆடுபவரின் கை என்ன செய்கிறது, அந்தச் செயலுக்கு விளையாட்டு என்ன பதில் தருகிறது என்பதே அது. ஓடுதல், அடித்தல், பேசுதல், சேகரித்தல், சமைத்தல் என்று ஆடுபவர் திரும்பத் திரும்பச் செய்யும் இந்தச் செயல்களையும் அவற்றின் விதிகளையும் சேர்த்து மெக்கானிக் என்று துறையினர் அழைக்கிறார்கள். கதை ஒன்று சொல்ல, கை வேறொன்று செய்யும்போது விளையாட்டு இரண்டாகப் பிளந்துவிடுகிறது. ‘பயோஷாக்’ என்னும் விளையாட்டைப் பற்றி 2007இல் எழுதிய வடிவமைப்பாளர் கிளின்ட் ஹாக்கிங் இந்தப் பிளவுக்கு ஒரு பெயரிட்டார். அதன் பின்னர் அது விமர்சனத்தின் நிலையான கேள்வியாகிவிட்டது. உயிரின் மதிப்பைப் பற்றிக் கண்ணீர் மல்கப் பேசும் நாயகன், அடுத்த நொடியே முகம் தெரியாத நூறு பேரைச் சுட்டு வீழ்த்திச் செல்லும் விளையாட்டு இந்தப் பிளவுக்குத் தெளிவான எடுத்துக்காட்டு.

இந்தப் பிளவைக் கடந்த விளையாட்டுகளுள் சில மிகச் சிறிய குழுக்களிடமிருந்து வந்தவை. டோபி ஃபாக்ஸ் 2015இல் வெளியிட்ட ‘அண்டர்டேல்’, எதிரே வரும் உயிர்களை அடித்து வெல்வது ஆர்பிஜியின் மாறாத விதி என்ற பழக்கத்தையே கேள்விக்கு உட்படுத்தி, ஒருவரையும் கொல்லாமல் பேசியும் புரிந்துகொண்டும் கதையை முடிக்கும் வழியைத் திறந்து வைத்தது. எஸ்தோனியாவில் தோன்றிய குழுவொன்று 2019இல் வெளியிட்ட ‘டிஸ்கோ எலிசியம்’, நினைவிழந்த ஒரு துப்பறிவாளரின் மனத்துக்குள் இருக்கும் 24 திறன்களையும் தனித்தனிக் குரல்களாக்கி அவரோடு வாதிட வைத்தது. வழக்கமான சண்டைமுறையே இல்லாமல் உரையாடலாலும் சிந்தனையாலும் மட்டுமே நகரும் அந்த விளையாட்டு, ஆர்பிஜி என்ற வகையின் எல்லையை விரிவாக்கியது என்று விமர்சகர்கள் பாராட்டினார்கள். இவ்விரண்டிலும் கை செய்வதும் கதை சொல்வதும் ஒன்றாகவே இருக்கின்றன.

ராஜி: அழகும் அதன் எல்லையும்

இந்தியாவிலிருந்து உலகக் கவனத்தை ஈர்த்த சுயாதீன சாகச விளையாட்டுகளுள் முதன்மையானது, புனேயின் நாடிங் ஹெட்ஸ் கேம்ஸ் 2020இல் வெளியிட்ட ‘ராஜி: ஆன் ஏன்ஷியன்ட் எபிக்’. 2017இல் பொதுமக்களிடம் நிதி திரட்ட எடுத்த முயற்சி இலக்கை எட்டாமல் போன பின்னரும், சிறு குழுவாகத் தாக்குப்பிடித்து அதை முடித்தவர்கள் அதன் படைப்பாளிகள். அசுரர்கள் கவர்ந்து சென்ற தம்பி கோலுவை மீட்கப் புறப்படும் ராஜி என்னும் கழைக்கூத்துப் பெண்ணே கதைத்தலைவி. துர்க்கையும் விஷ்ணுவும் அவள் பயணத்தைப் பார்த்து உரையாடியபடி கதையைச் சொல்லிச் செல்கிறார்கள். இராஜஸ்தான் கோட்டைகளை நினைவூட்டும் கட்டடங்களும், பஹாடி ஓவிய மரபைத் தழுவிய வண்ணங்களும், கர்நாடகத்தின் தொகலு கொம்பெயாட்டத்தையும் தமிழகத்தின் தோற்பாவைக்கூத்தையும் அறிந்தவர்களுக்கு நெருக்கமாகத் தோன்றும் நிழற்பாவைக் காட்சிகளும் ஒருமித்த பாராட்டைப் பெற்றன.

சண்டைமுறையைப் பற்றி விமர்சகர்கள் அத்தனை கனிவாக இருக்கவில்லை. கழைக்கூத்தாடியின் உடல் லாவகம் சுவரேறும் காட்சிகளில் அழகாக வெளிப்பட்டாலும், சண்டைக் களங்கள் ஒரே அமைப்பில் திரும்பத் திரும்ப வருகின்றன என்றும், அசைவுகளில் தயக்கம் தெரிகிறது என்றும், கதை உச்சத்தை நெருங்கும் வேளையில் திடீரென்று நின்றுவிடுகிறது என்றும் பலர் எழுதினர். குறைகளை ஏற்றுக்கொண்ட குழு, பின்னர் வெளியிட்ட மேம்படுத்தப்பட்ட பதிப்பில் சண்டைமுறையைச் செப்பனிட்டது. ஒரு நாவலையோ திரைப்படத்தையோ வெளியான பின் இப்படித் திருத்துவது அரிது; வீடியோ கேமில் அது இயல்பு என்பதால், நேர்மையான விமர்சனம் படைப்பையே மேம்படுத்தும் ஆற்றல் பெற்றுவிடுகிறது.

ராஜிக்கு ஆறு ஆண்டுகளுக்கு முன், அரவிந்த் ராஜ் யாதவின் பைரோடாக்டில் கேம்ஸ் 2014இல் வெளியிட்ட ‘அன்ரெஸ்ட்’ வேறொரு பாதையைத் தேர்ந்தது. பழங்கால இந்தியாவின் சாயலில் அமைந்த பீம்ரா என்னும் கற்பனை நகரம் வறட்சியிலும் பசியிலும் தத்தளிக்கிறது. ஆடுபவர் ஒரே வீரனாக நின்று உலகைக் காப்பாற்றுவதில்லை. அரச குடும்பத்துப் பெண்ணாகவும், விரும்பாத திருமணத்தை எதிர்கொள்ளும் கிராமத்துப் பெண்ணாகவும், இன்னும் வேறு மனிதர்களாகவும் மாறி மாறி வாழ்கிறார். எதிரில் இருப்பவர் நம்மிடம் கொள்ளும் நட்பு, மதிப்பு, அச்சம் ஆகியவையே உரையாடலின் திசையைத் தீர்மானிக்கின்றன. வாளை உருவாமலே பெரும்பகுதியைக் கடக்கலாம். அளவில் சிறியது, காட்சியில் எளியது என்ற குறைகள் அதற்கு உண்டு. ஆயினும் சாதியும் வர்க்கமும் ஒருவருக்குக் கிடைக்கும் தேர்வுகளை எப்படிச் சுருக்குகின்றன என்பதை விளையாட்டின் விதிகளாலேயே காட்ட முயன்ற வகையில், ராஜியின் பேரழகு தொடாத ஓர் ஆழத்தை அது தொட்டது என்றே சொல்ல வேண்டும்.

வெண்பா: சமையலே கதையாகும்போது

கையும் கதையும் ஒன்றாகும் நிலைக்குத் தமிழ் வாழ்விலிருந்தே ஓர் உயர்ந்த சான்று 2023 ஜூலையில் வந்தது. கனடாவின் டொராண்டோ நகரில் இயங்கும் விசை கேம்ஸ் என்னும் சிறு குழு உருவாக்கிய ‘வெண்பா’, 1980களின் இறுதியில் கனடாவுக்குக் குடிபெயர்ந்த வெண்பா, பாவலன் இணையரையும் அங்கே பிறந்து வளரும் அவர்கள் மகன் கவினையும் பல ஆண்டுகள் தொடர்ந்து செல்கிறது. கதைத்தலைவிக்குத் தாய் கொடுத்துவிட்ட சமையல் குறிப்பேடு கிழிந்தும் கறைபட்டும் கிடக்கிறது. அழிந்துபோன வரிகளை ஊகித்து, இட்லி, புட்டு, பிரியாணி என்று ஒவ்வொன்றாகச் சமைத்து முடிப்பதே ஆடுபவரின் பணி. இட்லித் தட்டுகளை எப்படி அடுக்கினால் ஆவி எல்லாத் தட்டுகளுக்கும் சென்று சேரும், புட்டுக்குழலில் மாவையும் தேங்காய்த்துருவலையும் எந்த முறையில் இட வேண்டும் என்பவையே இங்கே புதிர்கள். தவறு செய்தால் தண்டனை கிடையாது; மீண்டும் முயன்று பார்க்கலாம். எந்த வீட்டு அடுக்களையிலும் சமையல் இப்படித்தான் கற்கப்படுகிறது.

இந்தப் புதிர்கள் கதைக்கு இடையே வரும் பொழுதுபோக்காக நிற்காமல், கதையின் பொருளையே சுமக்கின்றன என்பதை விமர்சகர்கள் நுட்பமாகக் கண்டுகொண்டார்கள். தாய்நாட்டிலிருந்து பிரிந்தவளுக்கு நினைவு சிதைந்து கிடக்கிறது; சிதைந்த குறிப்பை மீட்கும் செயலில் ஆடுபவர் அந்த நினைவை மீட்கும் உழைப்பில் பங்கேற்கிறார். மொழியையும் விளையாட்டு இதே முறையில் கையாள்கிறது. பெற்றோரின் தமிழ் உரையாடல் திரையில் சரளமாக ஓட, அந்தத் தமிழை மெல்லத் தவறவிடும் மகனுக்கு அது முழுமையாகப் புரிவதில்லை என்பதை எழுத்தின் தோற்றமே உணர்த்துகிறது. பிற்பகுதியில் கவினே அந்தக் குறிப்பேட்டின் முன் நிற்கும்போது, தாய் எளிதாக வாசித்த வரிகளில் அவன் தடுமாறுகிறான். வளர்ந்த மகனின் தயக்கத்தை ஒரு வசனமும் இல்லாமல் ஆடுபவரின் விரல்களே அறிந்துகொள்கின்றன. தமிழ்த் திரையிசையின் வெவ்வேறு காலங்களை நினைவூட்டும் பாடல்கள் ஆண்டுகள் கடந்து செல்வதைக் காதுக்கு அறிவிக்கின்றன. சுயாதீன விளையாட்டுகளுக்கான ஐஜிஎஃப் விழாவின் தலையாய பரிசையும், பிரிட்டனின் பாஃப்டா அமைப்பு வழங்கும் சிறந்த அறிமுக விளையாட்டுக்கான விருதையும் 2024இல் வெண்பா பெற்றது.

குறைகளும் சுட்டப்பட்டன. ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது, ஆண்டுகள் தாவிச் செல்வதால் சில உறவு மாற்றங்கள் அவசரமாகத் தோன்றுகின்றன, சமைக்கக் கிடைக்கும் உணவுகள் குறைவு என்பவை அவற்றுள் முக்கியமானவை. இரண்டாவது குறையில் நியாயம் உண்டு. கவினின் உள்ளம் திரும்பும் இடம் இன்னும் சற்று விரிவாகச் சொல்லப்பட்டிருந்தால், இறுதிப் பகுதியின் வலி மேலும் ஆழப்பட்டிருக்கும்.

வெண்பா வந்த 2023ஆம் ஆண்டிலேயே, நவம்பரில் வெளியான ‘தர்ஸ்டி சூட்டர்ஸ்’ ஒப்பிட்டுப் பார்க்கத் தகுந்தது. இலங்கையில் பிறந்த சந்தன ஏக்கநாயக்க அமெரிக்காவில் நடத்தும் அவுட்டர்லூப் கேம்ஸ் உருவாக்கிய அந்த ஆர்பிஜியில், தெற்காசியப் பெற்றோருக்குப் பிறந்த ஜாலா என்னும் இளம்பெண் தன் ஊருக்குத் திரும்பி, பழைய காதல்களையும் பெற்றோரின் மனத்தாங்கலையும் எதிர்கொள்கிறாள். சண்டைகள் யாவும் உண்மையில் வாக்குவாதங்கள். அடிப்பதைவிட எதிரியின் மனநிலையை அறிந்து பேசுவதே அங்கே ஆயுதம். எழுத்தும் துணிவும் பாராட்டப்பட்டன; ஸ்கேட்போர்டு ஓட்டும் பகுதிகள் கதையோடு ஒட்டவில்லை, சண்டைகள் எளிதாகி விரைவில் சலிப்பூட்டுகின்றன என்ற குறைகள் எழுந்தன. வெண்பா ஒரே செயலை எடுத்து அதன் ஆழத்துக்குச் சென்றது. தர்ஸ்டி சூட்டர்ஸ் பல செயல்களை ஒன்றாகக் கட்ட முயன்று, சிலவற்றை மேலோட்டமாகவே விட்டுவிட்டது.

நீளம், விலை, மதிப்பெண்

வெண்பா குறுகியது என்ற குறை, சுயாதீன விளையாட்டுகளைச் சுற்றி நடக்கும் பெரிய வாதம் ஒன்றின் வாசல். கணினி விளையாட்டுகளை விற்கும் பெரிய இணையக் கடையான ஸ்டீம், வாங்கி 14 நாட்களுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் பணத்தைத் திருப்பித் தருகிறது. குறையுள்ள பொருளிலிருந்து வாங்குபவரைக் காக்கும் நல்ல விதி இது. ஆனால் 2 மணி நேரத்துக்குள் முடியும் படைப்பை முழுமையாக ஆடி மகிழ்ந்தவரும் பணத்தைத் திரும்பப் பெற்றுவிடலாம் என்பதால், குறுங்கதை எழுதுபவருக்கு அது பாதகமாகிவிடுகிறது. ‘சம்மர் ஆஃப் 58’ என்னும் சிறு விளையாட்டை உருவாக்கிய எமிகா கேம்ஸ், நல்ல மதிப்புரைகள் கிடைத்தும் பணம் திரும்பப் பெற்றவர்கள் அதிகம் என்று கூறி, காலவரையறையின்றித் துறையிலிருந்து விலகுவதாக 2021இல் அறிவித்தது.

மதிப்பெண்ணும் இத்தகைய ஆற்றல் வாய்ந்தது. விமர்சகர்களின் மதிப்பெண்களைத் திரட்டிச் சராசரி காட்டும் மெட்டாகிரிட்டிக், படைப்பாளிகளின் வருமானத்தையே தொடுகிறது. ‘ஃபால்அவுட்: நியூ வேகாஸ்’ என்னும் ஆர்பிஜிக்கு 85 கிடைத்தால் ஊக்கத்தொகை என்று ஒப்பந்தம் இருந்ததும், 84 கிடைத்ததால் அது கைநழுவியதும் துறையில் நன்கு அறியப்பட்ட செய்தி. ஒரு கதையின் தகுதியை மணிக்கணக்கிலும் எண்ணிலும் அடக்கும் பழக்கத்தை நல்ல விமர்சகர்கள் எதிர்ப்பதற்குக் காரணம் இதுதான். தன் கதைக்கு வேண்டிய நேரத்தை ஒரு விளையாட்டு சரியாக எடுத்துக்கொண்டதா என்பதே கேட்கத்தக்க கேள்வி. பக்கக் குறைவுக்காக ஒரு சிறுகதையை நாவலைவிடத் தாழ்ந்தது என்று தமிழ் இலக்கியம் ஒருபோதும் கருதியதில்லை.

நம்முடையது என்பதற்காக

இந்திய விளையாட்டுகளை மதிப்பிடும்போது வேறொரு சோதனையும் எழுகிறது. வெளிநாட்டு விமர்சகர் சிலர் கோயிலையும் தெய்வங்களையும் வண்ணங்களையும் புதுமையென்று வியந்து அதோடு நின்றுவிடுகிறார்கள். உள்ளூர் ரசிகர் சிலர், நம் மண்ணிலிருந்து வந்தது என்பதற்காகவே குறை சொல்லலாகாது என்று கருதுகிறார்கள். இரண்டுமே படைப்பாளியை மதிக்காத போக்குகள். குஜராத்தின் சலா என்னும் சிற்றூரிலிருந்து இயங்கும் ஸ்டுடியோ ஓலியோமிங்கஸ், காலனிய வரலாற்றையும் கற்பனை எழுத்தாளர் ஒருவரின் கதைகளையும் பின்னி, 2018இல் வெளியிட்ட ‘எ மியூசியம் ஆஃப் டூபியஸ் ஸ்பிளெண்டர்ஸ்’ போன்ற படைப்புகளைத் தருகிறது. வெல்லவோ தோற்கவோ இடமில்லாத அந்த விளையாட்டுகள், நடந்து பார்க்கும் அறைகளையே வாசிக்க வேண்டிய பக்கங்களாக்குகின்றன. அவற்றை இந்தியத்தன்மை என்ற ஒற்றைச் சொல்லால் புகழ்ந்துவிட்டுப் போனால், அவை எழுப்பும் வரலாற்றுக் கேள்விகள் கேட்கப்படாமலே போய்விடும்.

திரைப்படத்துக்கும் இலக்கியத்துக்கும் தமிழில் வலுவான விமர்சனம் உண்டு. சிற்றிதழ்கள் பல பத்தாண்டுகளாக நடத்திய கடுமையான விவாதங்கள் படைப்பாளிகளையும் வாசகர்களையும் ஒருங்கே வளர்த்தன. அத்தகைய கவனம் வீடியோ கேமுக்கும் தேவைப்படும் காலம் வந்துவிட்டது. அந்த விமர்சனம் ஆடிப் பார்த்து எழுதப்பட வேண்டும். கை செய்ததையும் மனம் உணர்ந்ததையும் தனித்தனியே பிரித்து விளக்க வேண்டும். ராஜியின் கலையழகைப் போற்றும் அதே பத்தியில் அதன் சண்டையின் தளர்ச்சியைச் சொல்லும் நேர்மை அதற்கு வேண்டும். பெற்றோர்க்கும் இதில் நேரடிப் பயன் உண்டு: பிள்ளை எத்தனை மணி நேரம் ஆடுகிறது என்ற கேள்வியோடு, என்ன ஆடுகிறது, அது எதைக் கற்பிக்கிறது என்ற கேள்வியையும் கேட்க விமர்சனமே அவர்களுக்குச் சொற்களைத் தரும்.

உலகின் மிகப்பெரிய சாகசக் கதைகளுக்கு மரங்களையும் தெருக்களையும் செதுக்கித் தந்த கலைஞர்கள் பெங்களூரில் இருக்கிறார்கள். கன்னடம், தமிழ், தெலுங்கு, உருது என்று பல மொழிகள் ஒரே தெருவில் புழங்கும் வாழ்வும் அவர்களைச் சூழ்ந்திருக்கிறது. டொராண்டோவில் ஒரு சிறு குழு இட்லித் தட்டிலிருந்து உலகம் போற்றும் கதையை எடுக்க முடிந்ததென்றால், இங்கே இருப்பவர்களுக்குக் கதைப்பஞ்சம் இல்லை. அந்தக் கதைகளை எழுதத் துணிபவர்களுக்கு வேண்டியவை, பொறுமையான முதலீடும், தயக்கமின்றிப் பாராட்டித் தயவின்றிக் குறை சொல்லும் வாசகர்களும் ஆகும். முதலாவதை அரசும் நிறுவனங்களும் தர வேண்டும். இரண்டாவதைத் தரும் பொறுப்பு, தம் மொழியில் ஆடிப் பார்த்து எழுத முன்வரும் ஒவ்வொருவருக்கும் உரியது.